மாமாவுக்கு எத்தனை வரி?

(இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன் எழுதுவது)



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், கடி ஜோக்ஸ் இருக்கும், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிக் கண்ணீர்க் கட்டுரை ஒன்று கட்டாயம் இருக்கும். எனக்கு அதெல்லாம் வராது. லேத்தில் டேப்பர் டர்னிங் போடச் சொன்னால் ஒரு வழியாகப் போட்டுவிடுவேன். பேனாவைப் பிடித்தால்தான் கை நடுங்கும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், கரண்ட் பில் எது வந்தாலும் "டேய், இதப் படிச்சு சொல்லுடா" என்று என் கைக்குத்தான் வரும். அப்படி என் கைக்கு வந்த ஒரு காகிதத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் மலரோடு "நம்ம மாவட்டக் களஞ்சியம்" என்று ஓர் இணைப்பும் போடுவதாக யூனியனில் முடிவானது உங்களுக்குத் தெரியும். அறுபது தலைப்பு, இருபத்து நாலு பக்கம், ஐந்து பேர் குழு. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற ஒரே தகுதியில் நானும் அதில் ஒருவன்.

வழிகாட்டியாக இருந்த சார் முதல் நாளே எங்களை நூலகத்துக்கு அழைத்துப் போய், பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வந்த கலைக்களஞ்சியத்தைக் காட்டினார். 1954இல் தொடங்கி 1968 வரை பத்துத் தொகுதிகள். ஒரு தொகுதியைத் தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். சார் சொன்னார்: "எத எழுதறதுன்னு முடிவு பண்றது ஈஸிப்பா. எத விடறதுன்னு முடிவு பண்றதுதான் கஷ்டம்." அப்போது எனக்கு அது புரியவில்லை.

எனக்கு முதலில் கொடுத்த தலைப்பு "கடலூர்ப் போர், 1783". தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுண்டல் சாப்பிட்டிருக்கிறோம், கிரிக்கெட் ஆடியிருக்கிறோம். அதே கடலுக்கு நேரே 1783 ஜூன் 20ஆம் தேதி, சுஃப்ரான் தலைமையில் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸ் தலைமையில் ஆங்கிலேயக் கப்பல்களும் மோதிக்கொண்டன என்பது எனக்கு அதுவரை தெரியாது. தரையில் ஜெனரல் ஸ்டூவர்ட் ஊரை முற்றுகையிட்டிருக்க, உள்ளே புஸ்ஸி இருந்தார். இதில் என் நெஞ்சை அடைத்த விஷயம் வேறு. இரண்டு நாடுகளும் ஐரோப்பாவில் பூர்வாங்க சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது 1783 ஜனவரி 20ஆம் தேதி! செய்தி கப்பலில் வந்து சேர ஜூன் கடைசி ஆகிவிட்டது. சரியாக ஐந்து மாதத்துக்கு முன்பே முடிந்துபோன சண்டைக்காக நம் கடலிலும் மண்ணிலும் ஆட்கள் செத்திருக்கிறார்கள். தரைப் போரில் இரண்டு பக்கமும் நம் நாட்டுச் சிப்பாய்கள் இருந்தார்கள். அட்மிரல்களுக்கும் ஜெனரல்களுக்கும் களஞ்சியத்தில் தனித் தலைப்பு உண்டு. அந்தச் சிப்பாய்களில் ஒருத்தர் பெயர்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

எட்டு வரியில் எழுதிக் கொடுத்தேன். சார் "பரவாயில்லையே" என்றார். அன்றைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போனாலும் கால் வலிக்கவில்லை.

அடுத்த வாரம்தான் வினை வந்தது. குழுவில் சிவில் படிக்கிற ஒரு பெண், என் பக்கத்து ஊர்க்காரர், ஒரு தாளை நீட்டினார். "எங்க பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட வாசல்ல ஒரு கல்வெட்டு இருக்கு சார். பட்டாளத்துல செத்துப்போன ஒருத்தர். அவரைத் தனித் தலைப்பா போடலாம்." தாளில் இருந்தது: "2003ஆம் ஆண்டு எல்லையில் எதிரியின் குண்டுக்கு இரையாகி வீரமரணம் எய்தினார்."

அது என் தாய்மாமா. குழுவில் யாருக்கும் அது தெரியாது. அந்த வரி பொய் என்பதும் அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மாமா நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் பச்சைச் சட்டையோடு ஒரு போட்டோ, அதற்கு ஒரு பிளாஸ்டிக் மாலை. ஆயாவின் தகரப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் அவருடைய காகிதங்கள். ஒன்பதாவது படிக்கும்போது, ஏதோ ஒரு விண்ணப்பத்துக்கு மாமாவின் பட்டாள நம்பர் வேண்டும் என்று பெட்டியைத் திறந்தேன். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் இருந்தது. அதை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் படித்ததில்லை. படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. நான் தமிழ் மீடியம். டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாக நகர்ந்தேன். இரவு ரோந்து போய்த் திரும்பி வரும்போது, பனிமூட்டத்தில், காவல் நின்ற சொந்தப் படையினரின் குண்டு பட்டு... "சொந்த" என்ற வார்த்தைக்கு மட்டும் டிக்‌ஷனரியை மூன்று தடவை பார்த்தேன். வேறு அர்த்தம் ஏதாவது இருக்காதா என்று.

இல்லை.

"என்னாடா எழுதியிருக்கு?" என்றார் ஆயா. "நம்பருதான் ஆயா" என்று சொல்லிக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். நாலு வருடமாக அது என் நெஞ்சில் கிடந்தது.

இப்போது அந்தத் தாள் எதிரில் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டால் மாமாவுக்குத் தனித் தலைப்பு கிடைக்கும். ஆனால் பொய்யோடு. வாயைத் திறந்தால் உண்மை நிற்கும், தலைப்பு போனாலும் போகலாம். அன்றைக்கு நான் ஒன்றும் பேசவில்லை. கையெழுத்துப் போடும்போதுதான் கை உதறியது. "எனக்கு ஒரு வாரம் டைம் கொடுங்க சார், இதைச் சரிபார்க்கணும்" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த கூட்டத்தில் சொல்லிவிட்டேன். மாமா என்பதையும், கடிதத்தையும், எல்லாவற்றையும். கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்தான்.

எலக்ட்ரிக்கல் நண்பன் ஒருத்தன்தான் முதலில் பேசினான். "தப்பா நெனைக்காத மச்சான். எதிரி சுட்டா வீரமரணம். நம்ம ஆளே தெரியாம சுட்டா அது விபத்து. ஆக்சிடெண்ட்ல செத்தவங்களுக்கெல்லாம் தனித் தலைப்பு போட்டா களஞ்சியம் போதாதுடா." சிவில் பெண்ணுக்குக் கோபம். "அவர் என்ன டூர் போன இடத்துலயா செத்தார்? நாட்டுக்காக நின்ன இடத்துல செத்தார். குண்டுல யார் பேர் எழுதியிருக்குன்னு பார்த்தா தலைப்பு குடுப்பீங்க?"

சார் இருவரையும் அடக்கிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "இ வரிசையில சிதம்பரம் இராசேந்திரன் இருக்காரே, அவர எதிர்த்து யாராவது பேசினீங்களா?" யாரும் பேசவில்லை. 1965 ஜனவரி 27ஆம் தேதி, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர். சிதம்பரத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. "அவர் மேல பட்ட குண்டு எந்த எதிரி நாட்டுக் குண்டு?" என்றார் சார். சொந்த ஊர்ப் போலீஸ் சுட்டதுதான். அது தெரிந்து சுட்டது, இது தெரியாமல் சுட்டது. ஆனால் குண்டு யாருடையது என்பதை வைத்து நாங்கள் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. எந்தப் போராட்டத்தில் நின்றார், அதனால் என்ன நடந்தது என்பதை வைத்துத்தான் கொடுத்தோம்.

"ஆளாளுக்குத் தேடிட்டு வாங்க. இந்த மாதிரி செத்தவங்கள உலகம் எப்படி எழுதியிருக்குன்னு பாருங்க" என்று அனுப்பிவிட்டார்.

நண்பர்களே, அந்த ஒரு வாரம் நான் ஒர்க்‌ஷாப் ரெக்கார்டு எழுதவில்லை. தேடினேன். இதை ஆங்கிலத்தில் "பிரெண்ட்லி ஃபயர்" என்கிறார்கள். சுடுவதில் என்ன பிரெண்ட்ஷிப் என்று தெரியவில்லை!

2019 பிப்ரவரி 25ஆம் தேதி டெல்லியில் தேசியப் போர் நினைவுச் சின்னத்தைத் திறந்தார்கள். 25,942 வீரர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டியிருந்தார்கள். சரியாக இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 27 காலை, காஷ்மீரில் வான் சண்டை. அன்றைக்குப் பாகிஸ்தானில் பிடிபட்ட அபிநந்தனை நம் ஊரில் தெரியாத பிள்ளை உண்டா? அவர் மீசையைக்கூட வைத்துக்கொண்டார்கள். அதே காலையில் ஸ்ரீநகர் பக்கம் பட்காமில் நம் எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஒன்று விழுந்தது. அதை வீழ்த்தியது நம் விமானப்படையின் ஏவுகணைதான். உள்ளே இருந்த ஆறு பேரும், தரையில் இருந்த பொதுமக்களில் ஒருவரும் இறந்தார்கள். அக்டோபர் 4ஆம் தேதி விமானப்படைத் தளபதி பதௌரியா, அது எங்கள் பெரிய தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

அந்த ஆறு பேர்: சித்தார்த் வசிஷ்ட், நினாத் மாண்டவ்கனே, விஷால் குமார் பாண்டே, விக்ராந்த் செராவத், தீபக் பாண்டே, பங்கஜ் குமார். முதல் இருவருக்கும் பிறகு வாயுசேனா பதக்கம் அளித்தார்கள். ஒரே காலை, ஒரே வானம். ஒருவர் பெயர் எல்லோர் வாயிலும். ஆறு பேர் பெயரை நான் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. களஞ்சியத்தில் அவர்கள் அந்தச் சம்பவத்தின் உள்ளே இருக்கிறார்கள், தனித்தனியாக இல்லை.

2002 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானில் தார்நாக் பண்ணை என்ற இடத்தில், பயிற்சியில் இருந்த கனடா வீரர்கள் மீது அமெரிக்க விமானம் தவறாகக் குண்டு போட்டது. நாலு பேர் பலி. அங்கேயும் "தார்நாக் பண்ணைச் சம்பவம்" என்ற தலைப்பின் கீழே நாலு பெயர்களும் சேர்ந்து வருகின்றன.

ஆனால் 2004 ஏப்ரல் 22ஆம் தேதி அதே ஆப்கானிஸ்தானில் சொந்த அணியின் குண்டால் இறந்த பேட் டில்மனுக்குத் தனித் தலைப்பு உண்டு. அவர் பேர் பெற்ற அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர். ஆட்டத்தை விட்டுவிட்டுப் படையில் சேர்ந்தவர். இன்னொன்றும் உண்டு. எதிரி சுட்டதாகச் சொல்லிப் பதக்கமும் கொடுத்துவிட்டு, வாரக்கணக்கில் கழித்துத்தான் அவர் குடும்பத்துக்கு உண்மையைச் சொன்னார்கள். அதைப் படித்தபோது எங்கள் பள்ளிக்கூட வாசல் கல்வெட்டு என் கண்ணுக்குள் வந்து நின்றது.

கடைசியாகக் கிடைத்தவர்தான் என்னை எழுப்பி உட்கார வைத்தவர். முகமது ருகுல் அமீன். 1971 டிசம்பர் 10, வங்கதேச விடுதலைப் போர். முக்தி வாகினியின் பத்மா, பலாஷ் என்ற இரண்டு சிறிய போர்க்கப்பல்கள் நம் கடற்படையின் பன்வெல் கப்பலோடு குல்னா பக்கம் போய்க்கொண்டிருந்தன. மேலே வந்த இந்திய விமானங்கள் அவற்றை எதிரிக் கப்பல் என்று நினைத்துக் குண்டு வீசின. பலாஷில் எல்லோரும் கப்பலை விட்டு இறங்க வேண்டும் என்று உத்தரவு. ருகுல் அமீன் எஞ்சின் அறையை விட்டு வரவில்லை. எப்படியாவது எஞ்சினைக் காப்பாற்றிக் கப்பலை ஓட்டிவிட வேண்டும் என்று நின்றார். குண்டு எஞ்சின் அறையில் விழுந்தது. படுகாயத்தோடு ஆற்றில் குதித்துக் கரை சேர்ந்தவரை, பாகிஸ்தான் ராணுவத்துக்குத் துணையாக இருந்த ரசாக்கர்கள் கொன்றுபோட்டார்கள். வங்கதேசத்தின் மிக உயர்ந்த வீர விருது "பீர் ஸ்ரேஷ்டோ". அதைப் பெற்றவர்கள் மொத்தமே ஏழு பேர். அவர்களில் இவர் ஒருவர். அவருடைய வேலை என்ன தெரியுமா? எஞ்சின் ரூம் ஆர்ட்டிஃபிசர். நம்ம டிபார்ட்மெண்ட் ஆள்!

குண்டு நண்பனுடையது என்பதால் அவர் பெயரை யாரும் குறைக்கவில்லை. அதனால் கூட்டவும் இல்லை. எஞ்சினை விட்டு வராமல் நின்றார் பாருங்கள், அதற்குத்தான் அந்தத் தலைப்பு.

நம் முன்னோர்களும் இதைத்தான் செய்திருக்கிறார்கள் என்று சார் சொன்னார். திருவண்ணாமலை பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு ஒரு நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். திருடர்கள் இரண்டு பேரைக் கடித்தது என்று கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாய்க்கு இடம் கிடைத்திருக்கிறது, அது செய்த காரியத்துக்காக!

அப்படியானால் என் மாமா என்ன செய்தார்? எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் எப்படிச் செத்தார் என்பது மட்டும்தான்.

சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பினேன். கடலூரில் பஸ் ஏறி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டும் வரை என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள்ளே எழுதி எழுதி அழித்துக்கொண்டே வந்தேன். பி.முட்லூரில் இறங்கும்போது எல்லாம் மறந்துவிட்டது.

ஆயா திண்ணையில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து கடிதத்தை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஆயா, அன்னைக்கு நான் ஒனக்கு முழுசாப் படிச்சு சொல்லல." படித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். முறம் நின்றுபோனது. அப்புறம் ரொம்ப நேரம் ஆயா பேசவில்லை. நான் அழுதுவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

ஆயா கேட்ட முதல் கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை.

"சுட்ட புள்ளைக்கு எத்தன வயசாம்?"

"அது எழுதல ஆயா."

"அதுவும் யாரு பெத்ததோ... எப்படித் தூங்குச்சோ."

மறுபடியும் முறத்தை எடுத்தார். கொஞ்சம் கழித்து அவராகவே சொன்னார். "அரவானை யாருடா வெட்டுனா? கௌரவனா வெட்டுனான்? அவங்க ஆளுங்கதான களப்பலி குடுத்தாங்க. அவனுக்குக் கூவாகத்துல கோயிலு இல்ல? சனம் போயி தாலி அறுத்து அழுவல?"

எழுத்துத் தெரியாத ஆயா, நாங்கள் ஐந்து பேர் ஒரு மாதமாக முட்டிக்கொண்டதைக் கூத்துப் பார்த்த ஞாபகத்தில் முடித்துவிட்டார். அரவான் கதையும் மாமா கதையும் ஒன்று இல்லை என்று எனக்குத் தெரியும். அரவான் தெரிந்தே தலையைக் கொடுத்தவன். ஆனாலும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

"மலர்ல எழுதலாமா ஆயா? கல்வெட்டுல இருக்கறது தப்புன்னு ஆயிடுமே."

"உள்ளத எழுது. அவன் பட்டாளத்துல இருந்து லீவுக்கு வந்தா ஊட்ல ஒரு நாளு ஒக்காந்திருக்க மாட்டான். எந்தக் கொல்லையில ஆயில் இன்ஜின் நின்னுபோச்சுன்னாலும் இவந்தான் ஓடுவான். காசு வாங்க மாட்டான். அத எழுதுவியா?"

மாமாவுக்கு இன்ஜின் வேலை தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மெக்கானிக்கல் குரூப்பை நான் எடுத்தது கட்-ஆஃப் பார்த்துத்தான். இருந்தாலும் அன்றிரவு மாமாவின் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை குழு கூடியது. மாமாவுக்குத் தனித் தலைப்பு வேண்டாம் என்று முதலில் சொன்னது நான்தான். சிவில் பெண் முறைத்தார். என் காரணத்தைச் சொன்னேன். குண்டு யாருடையது என்பதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் காரணத்துக்காக யாரை விட்டாலும் நான் எதிர்ப்பேன். 2025இல் பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றமே, ராணுவ நடவடிக்கையின்போது சக வீரரின் குண்டால் இறந்தவரின் குடும்பத்துக்கு, எதிரியோடு போரிட்டு இறந்தவருக்குரிய சலுகையை மறுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. 1991இல் நடந்த ஒரு சாவுக்கு அந்தக் குடும்பம் அத்தனை வருடம் காத்திருக்கிறது. மரியாதையில் வித்தியாசம் பார்க்கக் கூடாது. ஆனால் களஞ்சியத் தலைப்பு என்பது மரியாதைச் சீட்டு கிடையாது. ஓர் ஆளைப் பற்றிச் சரிபார்த்து எழுத எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அதில் கணக்கு. மாமாவைப் பற்றி உண்மையாக எழுத எனக்கு நாலு வரிதான் இருக்கிறது. நாலு வரியைத் தனித் தலைப்பாக ஊதினால் ஐந்தாவது வரியில் பொய் வந்து உட்கார்ந்துகொள்ளும். கல்வெட்டில் அப்படித்தான் வந்தது.

எலக்ட்ரிக்கல் நண்பன்தான் வழி சொன்னான். "ஊர்ப் பேர்ல ஒரு தலைப்பு போடுவோம்டா. அந்த ஊர்ல இருந்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவங்க எல்லாரையும் அதுல எழுதுவோம். யார் எப்படி செத்தாங்கன்னு உள்ளபடி. உங்க மாமாவும் அதுல வரட்டும்." முதல் கூட்டத்தில் ஆக்சிடெண்ட் என்று சொன்ன அதே ஆள்! ஐந்து கையும் தூக்கியாகிவிட்டது. நண்பா, உனக்கு ஒரு டீ பாக்கி இருக்கிறது, மறக்கவில்லை.

இணைப்பின் பதினேழாம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எங்கள் ஊர்த் தலைப்பின் கீழே மூன்றாவதாக வருகிறவர் என் மாமா. எப்போது பிறந்தார், எப்போது படையில் சேர்ந்தார். விடுமுறையில் ஊர் ஆயில் இன்ஜின்களைக் காசு வாங்காமல் பழுது பார்த்தார். 2003இல் இரவு ரோந்து முடிந்து திரும்பும்போது சொந்தப் படையினர் தவறுதலாகச் சுட்டதில் இறந்தார். நாலே வரி. அச்சுக்குப் போகும் முன் என் கையால் எழுதினேன். இந்தத் தடவை கை நடுங்கவில்லை.

கல்வெட்டைத் திருத்த வேண்டும் என்று ஊரில் பேச ஆரம்பித்திருக்கிறேன். சில பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. "ஏம்ப்பா கெளர்ற?" என்கிறார்கள். பார்ப்போம்.

மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதி ஆயாவுக்குக் கொண்டுபோகப் போகிறேன். படிக்கத் தெரியாவிட்டால் என்ன? பதினேழாம் பக்கத்தில் மகன் பெயர் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுவேன். பெட்டியில் அந்தக் கடிதத்தோடு இதுவும் இருக்கட்டும்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் யாரும் படிக்காத காகிதம் ஏதாவது இருக்கும். நீங்கள்தான் முதலில் படித்த ஆள் என்றால், அதை முழுசாகப் படித்துச் சொல்லுங்கள். என்னை மாதிரி நாலு வருடம் மடித்து வைக்காதீர்கள்.